அருமை என்றால் குப்பை

"அருமை!" என்றார் கடிகாரக்காரர், சுவர்க் கடிகாரத்தின் முதுகைத் திறந்து பார்த்துவிட்டு.

பக்கத்தில் நின்ற ஸ்டூடியோக்காரர் அந்தக் கடிகாரத்தை அதோடு மறந்துவிட்டார். குப்பை என்று புரிந்துவிட்டதே!

இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். இன்றைக்கும் வாடா போடாதான். ஒருவர் கடிகாரம் ரிப்பேர் பார்ப்பவர், இன்னொருவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். பழைய சாமான் விற்பனை எங்கே நடந்தாலும் ஜோடியாக ஆஜர்.

நல்ல பொருளைப் பார்த்து முகம் மலர்ந்தால் விற்கிறவர் உஷாராகிவிடுவார் இல்லையா? அதற்காகத் தங்களுக்குள் ஒரு பாஷை வைத்திருந்தார்கள். எல்லாம் தலைகீழ். 'குப்பை' என்றால் விடாதே, அமுக்கு. 'அருமை' என்றால் தொடாதே, நட. இந்தப் பாஷையை வைத்துக்கொண்டு எத்தனை பேர் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்களோ, அவர்களுக்கே கணக்கில்லை.

இன்றைக்கு வந்திருந்தது ஒரு வீட்டுக்கு. வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். அவர் மனைவி மகளோடு போய் இருக்கப் போகிறாராம். கணவர் வாங்கிக் குவித்ததையெல்லாம் கூடத்தில் பரப்பி வைத்துவிட்டு, ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கடிகாரக்காரர் ஒவ்வொன்றாக எடுத்தார். டைம்பீஸா, அருமை. ரேடியோவா, அருமையோ அருமை. கடைசியில் தோல் உறை போட்ட சின்னப் பெட்டி ஒன்றை எடுத்துக் குலுக்கினார்.

"அடடா! இருக்கிறதிலேயே இதுதான் அருமை!" என்று வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, கீழே வைத்துவிட்டு வாசல் பக்கம் நடந்தார்.

வந்த நேரம் தண்டம் என்று நினைத்தபடி ஸ்டூடியோக்காரர் சும்மா அந்தப் பெட்டியை எடுத்தார். பக்கத்தில் இருந்த பொத்தானை அழுத்தினார். மூடி திறந்து, துருத்தி போல மடிப்பு மடிப்பாக லென்ஸ் வெளியே வந்தது.

வெளிச்சத்தில் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதே மடக்குக் கேமரா! எத்தனை வருஷமாக நாயாய் அலைந்திருக்கிறார் இதற்காக! 'அது மட்டும் கிடைச்சுட்டா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீங்க' என்று மனைவி கேலி செய்கிற அளவுக்குப் பைத்தியம். லென்ஸில் ஒரு கீறல் கிடையாது. துருத்தியில் ஓட்டை கிடையாது.

இதையா அருமை என்றான்?

அவருக்குத் தலை சுற்றியது. இந்தக் கேமராவைப் பற்றிக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவனாயிற்றே அவன்! தெரியாமல் சொல்லியிருப்பானா? பாஷை மறந்துபோச்சா? இல்லை, என்னைக் கிளப்பிவிட்டு அப்புறம் தனியாக வந்து வாங்கிக்கொள்ளப் பார்க்கிறானா? சே, ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் இப்படிச் செய்வானா? செய்தாலும் செய்வான், பழைய சாமான் ஆசை யாரை விட்டது!

கோபத்தோடு திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவர் இருந்தவரைக்கும் குப்பை குப்பைன்னு கரிச்சுக் கொட்டினேன். வந்து போன சொந்தக்காரங்களும் அதையேதான் சொன்னாங்க. உங்க சிநேகிதர் ஒருத்தர்தான் இன்னிக்கு ஒவ்வொண்ணையும் எடுத்துப் பார்த்து, அருமைன்னு சொல்லிட்டுப் போறார்."

ஸ்டூடியோக்காரருக்குச் சுருக்கென்றது. அப்படியா சங்கதி! இந்த அம்மாளுக்காக அவன் இன்றைக்கு நம் பாஷையையே விட்டுவிட்டானா? அவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது.

அந்த அம்மாள் எழுந்து பக்கத்தில் வந்தார்.

"நீங்க சொல்லுங்க தம்பி. நிஜமாவே இது நல்ல சாமானா? இல்ல, நான் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு அவர் சொல்லிட்டுப் போறாரா?"

குப்பை என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேமரா அவருடையது. இத்தனை வருஷ அலைச்சலும் தீர்ந்துவிடும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தும்விட்டது.

அதை அப்படியே விழுங்கிவிட்டார்.

"அருமையான சாமான்மா. இப்படி ஒண்ணு கிடைக்காதான்னு நானே ஊர் ஊராத் தேடிட்டிருக்கேன். உங்க வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு."

அந்த அம்மாள் கேமராவை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"அப்படின்னா இதை விக்கலை, தப்பா நினைச்சுக்காதீங்க. இது என்கூடவே வரட்டும்."

வெறுங்கையோடு வெளியே வந்தார் ஸ்டூடியோக்காரர். வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் என்னவோ நிறைவாகவும் இருந்தது. தெருமுனையில் காத்திருந்த நண்பரின் தோளில் கை போட்டார்.

"இவ்வளவு நாள் பழகியும் உன் மனசு எனக்குத் தெரியலைடா. நீ காட்டின வழியிலதான் இன்னிக்கு நானும் உண்மையைச் சொன்னேன்" என்றார்.

கடிகாரக்காரர் திருதிருவென்று விழித்தார்.

"என்னடா உளர்றே? செத்த கடிகாரம், ஓட்டை ரேடியோ, ஏதோ ஒரு தோல் டப்பா... எல்லாம் சுத்தக் குப்பைன்னு நம்ம பாஷையிலதானே சொன்னேன்! அது கிடக்கட்டும், நான் வெளியே வர்றப்போ அந்தம்மா எதுக்குடா அழுதாங்க?"