யாரோ ஒருத்தி வாங்கிய தீர்ப்பு

கோர்ட்டு வராந்தாவில் பாதி வெயில், பாதி புளியமர நிழல். மதலேனம்மாள் வெயிலில் நிற்கிறாள். அவளுடைய தக்காளிக் காட்டுக்குப் போகும் வண்டிப்பாதையை வேலி போட்டு அடைத்த தீர்த்தகிரி நிழலில் நின்று வெற்றிலை மெல்கிறார். உள்ளே மின்விசிறி கடகடக்கிறது. அவளுடைய வக்கீல் செபாஸ்டின், கறுப்புக் கோட்டுக்குள் வியர்த்தபடி, தடித்த புத்தகம் ஒன்றை விரித்துக் காட்டுகிறார். “இதான் முன்தீர்ப்புங்கறது. இதே மாதிரி ஒரு பாதைக்கு ஒரு அம்மா ஐகோர்ட் வரைக்கும் போயி ஜெயிச்சிருக்காங்க. அதைக் காட்டித்தான் நாம பேசணும். ஆனா, தீர்த்தகிரி இப்ப சமாதானமாப் போயிரலாம்னு ராஜிக்கு வர்றாரும்மா. வண்டிக்கு இல்ல, நடந்து போக மட்டும் வழி வுடறாராம். கையெழுத்துப் போட்டா இன்னைக்கே முடிஞ்சிரும்.” பேனாவைத் திறந்து நீட்டுகிறார். தீர்த்தகிரியின் வாய் மெல்லுவதை நிறுத்துகிறது. தக்காளிக் கறை ஏறிய விரலை மதலேனம்மாள் அந்தப் பக்கத்தின்மேல் அழுத்தி வைக்கிறாள். “இந்தம்மாகிட்டயும் அன்னைக்கு ராஜி பேசியிருப்பாங்கல்லீங்க?” “பேசாமயா இருந்திருப்பாங்க.” “அது ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தா, இன்னைக்கு எனக்கு நீங்க எதைக் காட்டுவீங்க?” திறந்த பேனா செபாஸ்டின் கையிலேயே நிற்கிறது. வாசலில் டவாலி அவள் பெயரைக் கூவுகிறார். தீர்த்தகிரி நிற்கிற நிழலை மிதித்துக்கொண்டே அவள் உள்ளே போகிறாள். “இருக்கேனுங்க” என்கிற குரல் வெளியே புளியமரம் வரைக்கும் கேட்கிறது.