புதுப் பூட்ஸ் கடிக்கவில்லை

மாமனாரின் புதுப் பூட்ஸை மருமகன் போட்டுக்கொண்டு திரிகிறான் என்பதை, அதன் அடியில் ஒட்டியிருந்த செம்மண்ணை வைத்துத்தான் சுபைதா கண்டுபிடித்தாள்.

வந்து நாலு நாள்கூட ஆகாத பூட்ஸ். அவள் கணவர் மீரான் சாகிபு, மலேசியாவில் ஈப்போ நகரத்துக் கிளப் ஒன்றில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டுக் காரைக்குடி திரும்பியவர். அங்கிருக்கும் பழைய சிநேகிதர் ஒருவர் இதைக் கப்பலில் அனுப்பியிருந்தார். வெள்ளையும் பழுப்புமாகத் தோல், அடியில் வரிசையாக இரும்பு முளைகள். கோல்ஃப் ஆடுகிறவர்கள் போடுவது.

அந்த ஆட்டத்தை சாகிபு அங்கேதான் கற்றுக்கொண்டார். இங்கே மானகிரிப் பக்கம் ஒரு பொட்டலில் ஐந்து குழி தோண்டி வைத்துக்கொண்டு, சாயங்காலமானால் ஒற்றை ஆளாக ஆடுவார். பந்தைத் தொலைத்துவிட்டுத் தேடுவதற்கு மட்டை எதற்கு என்று கடைத்தெருவில் கேலி பேசுவார்கள்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. போன வருஷம் மதுரையில் இடது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். தினம் நடக்கவேண்டும் என்றார் டாக்டர். சும்மா நடக்கச் சொன்னால் தெருமுனை தாண்டமாட்டார். பந்துக்குப் பின்னால் என்றால் மூன்று மைல் போவார். அதனால் சுபைதாவும் விட்டுவிட்டாள்.

பெட்டியைப் பிரித்த அன்றே காலில் மாட்டிக்கொண்டு கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"கடிக்கவே இல்ல சுபைதா. அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு."

ஹஜ்ஜுப் பெருநாள் அன்று சாயங்காலம் இதைப் போட்டுக்கொண்டுதான் ஆட்டம் என்று சொல்லி, அலமாரியில் வைத்தார். அதற்குள் செம்மண்.

மருமகன் ஹபீப் ரகுமான் வேலை பார்த்த ஜவுளிக்கடையை மூடி ஆறு மாதமாகிறது. அன்றிலிருந்து மனைவி ஜரீனாவோடு இங்கேதான் இருக்கிறான். சுபைதா மருமகனிடம் நேருக்கு நேர் பேசியதில்லை; அது அந்த வீட்டு மரியாதை. எதுவானாலும் மகளிடம் சொல்வாள், அவன் காதில் விழும்படி.

அன்று மத்தியானம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதும் அப்படித்தான் சொன்னாள்.

"சில பேருக்கு மாமனார் வீட்டுச் சோறு மட்டும் பத்தாது போல ஜரீனா. மாமனார் பூட்ஸும் வேண்டியிருக்கு."

ஹபீப் மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினான். வெட்கப்பட்டு விட்டுவிடுவான் என்று நினைத்தாள். மறுநாள் விடியற்காலையில் பார்த்தால், பூட்ஸ் அலமாரியில் இல்லை.

பால் ஊற்ற வந்த பெத்தன் இன்னும் ஏற்றிவிட்டான். ஹபீப் பந்தும் இல்லாமல் மட்டையும் இல்லாமல் மானகிரி ரோட்டில் போவதும் வருவதுமாக இருக்கிறானாம். நடுநடுவே மைல் கல்லில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி உள்ளே கையை விட்டுப் பார்க்கிறானாம்.

"என்னம்மா, மருமகப்பிள்ளைக்குப் பட்டாளத்துல வேலை கெடச்சிருச்சா?" என்றான்.

சுபைதா முடிவெடுத்துவிட்டாள். பெருநாள் கழிந்ததும் இரண்டு பேரும் ஒக்கூரில் அவன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அந்த வீட்டில் ஒரே அறையில் ஏழு பேர் இருக்கிறார்கள் என்பது அவளுக்கும் தெரியும். ஜரீனா அழுதாள். ஹபீப் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தான்.

சாகிபு மருமகனை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று அதுவரை அவரிடம் மட்டும் சொல்லாமல் வைத்திருந்தாள். பெருநாளுக்கு முதல் நாள், எல்லாரும் இருக்கும்போதே பூட்ஸைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்க போட்டு ஒரு நாள் ஆடுறதுக்குள்ள இதைப் பழசாக்கிப்புட்டாக. இதக்கூடக் கேக்க மாட்டீகளா?"

மீரான் சாகிபு பூட்ஸைப் புரட்டிப் பார்த்தார். முளை ஒன்றும் ஆடவில்லை. தையல் விடவில்லை. உள்ளே கைவிட்டார். வலது பூட்ஸில் குதிகால் பக்கம் மெத்தென்று ஒரு துண்டு ஆட்டுத்தோல் ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில் காய்ந்துபோன ரத்தக்கறை.

பூட்ஸைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"மாப்ள, காலக் காட்டுங்க."

ஹபீப் தயங்கிக் கைலியைச் சற்றே தூக்கினான். இரண்டு குதிகாலும் தோல் உரிந்து சிவந்திருந்தன. வலதில் நீளமாக ஒரு கீறல்.

"நாலு மைல் நடந்த பொறவுதான், மாமா, உள்ளருந்து ஆணி மேல வந்துச்சு. தட்டி மடக்கித் தோல் ஒட்டிட்டேன். நேத்து எட்டு மைல் நடந்து பார்த்தேன். இப்பக் கடிக்கல."

"உன் அத்தாதான் அன்னைக்கே கடிக்கலேன்னாகளே," என்றாள் சுபைதா, மகளைப் பார்த்து.

ஹபீப் தலையைக் குனிந்துகொண்டான். சாகிபுதான் சொன்னார்.

"எனக்குக் கடிச்சாத் தெரியாது சுபைதா. பாதத்துல உணர்ச்சி போயி ஒரு வருசமாச்சு. போன வருசம் முள்ளு ஏறுனதே ரத்தத்தப் பார்த்துத்தான் தெரிஞ்சது. சொன்னா நீ ஆட்டத்த நிறுத்திப்புடுவேன்னு சொல்லல. ஆஸ்பத்திரியில கூட இருந்த மாப்ளைக்கு மட்டுந்தான் தெரியும்."

"டாக்டரு சொல்லிருக்காருல்ல, இன்னொரு புண்ணு வந்தா விரலோட போகாதுன்னு," என்றான் ஹபீப் மெதுவாக. "அதான், வலி தெரியிற காலா ஒண்ணு போட்டுப் பாக்க வேண்டியிருந்துச்சு."

சுபைதா அங்கேயே நின்றாள். பிறகு, டிரங்குப் பெட்டியைப் பரணில் ஏற்றும்படி மகளிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். வரும்போது கையில் எண்ணெய்க் கிண்ணமும் வெள்ளைத் துணியும் இருந்தன.

"கால இங்குட்டு நீட்டுங்க மாப்ள," என்றாள், நேராக அவனைப் பார்த்து.