இருபத்தேழாம் நம்பர்

“நாலு மணிக்குள்ள சரியாகலைனா, பெட்டியும் நீயும் சேர்ந்தே கீழே ரிங்லெட் டவுனுக்கு இறங்கிடலாம்.”

துரை சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். பெட்டி என்றது, 1987இல் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டரை.

சரோஜா நகத்தைக் கடித்தாள். ஈப்போவில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலைக்கு வந்து மூன்று மாதம்தான். அம்மா கட்டிக் கொடுத்த சோறு டிபன் கேரியரில் அப்படியே இருந்தது.

போன வருஷம் ஒவ்வொரு பெண்ணும் கிள்ளிய இலையை நாளுக்கு ஒரு தூணாகத் திரையில் வரைய வேண்டும். பெட்டியோ ஆறு நாளை வெறுமையாக விட்டுவிட்டு, சனிக்கிழமையில் ஒரே தூணாகக் குவித்தது.

“வாரக் கூட்டல் சரியா வருதில்ல? அப்படியே விடேன்லா,” என்றார் ஆபீஸ் கணக்கு எழுதும் பெரிய கிராணி சாம்பசிவம். காலையிலிருந்து நாலாவது தடவை.

“துரை நாள் நாளா கேக்குறாரு ஐயா.”

“போன வருஷத்து இலை. குடிச்சவனே மறந்திருப்பான்.”

பெட்டி வந்ததே இந்த மனுஷனுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்குக் கோளாறு பிடிபட்டது. தினமும் எடை போட்ட இலையைக் கிராணி சனிக்கிழமைதான் பேரேட்டில் ஏற்றுவார். பெட்டி அந்தத் தேதியையே எடுத்துக்கொண்டிருந்தது. எடை போட்ட தேதியை எடுக்கும்படி இரண்டு வரி மாற்றினாள்.

தூண்கள் நாள்வாரியாகப் பிரிந்தன. வெயிலுக்கு ஏறின, மழைக்கு இறங்கின.

ஒரு ஆளின் நம்பரைத் தவிர. இருபத்தேழு. நடுவே நாற்பது நாள் ஒரே உயரம். இருபது கிலோ.

“மனுஷக் கை இப்படிக் கிள்ளாது ஐயா. யாரு இது, பொய்ப் பேரா?”

சாம்பசிவம் கண்ணாடியைக் கழற்றினார்.

“இதுக்குத்தான் விடு விடுன்னீங்களா? துரைகிட்ட சொல்லத்தான் போறேன்.”

“சொல்லு. ஆனா திருட்டு இலை இல்ல. அவகூட வேலை செய்யற பொம்பளைங்க ஆளுக்கு ரெண்டு பிடி அவ கூடையில போட்டாங்க. இருபது கிலோ வந்தாத்தான் அன்னிக்கு வேலைக்கு வந்ததா பேர் விழும். பேர் விழலைனா வேலை போகும், தோட்டம் குடுத்த லயத்து வீடு போகும்.”

“அப்போ இந்தம்மா எங்க போனாங்க?”

“தாப்பா ஆஸ்பத்திரியில கெடந்தா. மகளுக்கு மட்டும் சொல்லிடாதீங்கன்னு கும்பிட்டா. தெரிஞ்சா ஓடியாந்துடுவாளாம். ஈப்போவுல கம்ப்யூட்டர் பரீட்சையாம்.”

சரோஜாவின் கண் டிபன் கேரியருக்குப் போனது.

வெளியே ஜீப் வந்து நின்றது. அவள் விரல்கள் அவசரமாக அந்த இரண்டு வரியையும் அழித்தன. தூண்கள் மறுபடி சனிக்கிழமையில் போய்க் குவிந்தன.

துரை உள்ளே வந்தார். “என்ன, சரியாச்சா?”

“இல்லீங்க துரை,” என்றாள் சரோஜா. “நான் படிச்ச படிப்பு பத்தல.”