இருட்டைப் பார்க்கப் போன காளான்

மட்கிய சுள்ளி ஒன்றின் மேல் ஒரு காளான் முளைத்திருந்தது. இரவானால் அதன் உடம்பு பச்சையாக ஒளிவிடும். அந்த விஷயம் காளானுக்கு மட்டும் தெரியாது.

ஒருநாள் சாயங்காலம் கருவண்டு ஒன்று அழுதுகொண்டே அந்தப் பக்கம் வந்தது.

"நேற்று இருட்டில் வழி தெரியாமல் என் மனைவி ஓடையில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள், அண்ணே."

"இருட்டா? அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லையே," என்றது காளான். "ராத்திரி முழுக்க விழித்துத்தான் இருக்கிறேன். எல்லாம் நன்றாகத் தெரிகிறது. உன் மனைவி பராக்குப் பார்த்துக்கொண்டு நடந்திருப்பாள்."

வண்டுக்குக் கோபம் வந்துவிட்டது. "வாருங்கள், காட்டுகிறேன்," என்று சுள்ளியோடு காளானை முதுகில் ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

போகும் வழியிலேயே இரவு வந்தது. வண்டு புதருக்குள் நுழைந்தது. அங்கே இலைகளின் நரம்புகூடத் தெரிந்தது. பாறை இடுக்கில் புகுந்தால், எறும்புகள் வரிசையாகப் போவது தெரிந்தது. கடைசியில் மனைவி விழுந்த இடத்துக்கே போனது. ஓடைக்குள் கூழாங்கற்கள் பளிச்சென்று கிடந்தன.

"எங்கேப்பா உன் இருட்டு?" என்று கேட்டது காளான்.

"மன்னித்துவிடுங்கள் அண்ணே," என்று வண்டு சுள்ளியைக் கரையில் இறக்கிவிட்டு, வெட்கத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அதற்குத் தன் கால்கூடத் தெரியவில்லை. காலடிச் சத்தம் கேட்டு வீட்டுக்குள்ளிருந்து மனைவி, "இருட்டாக இருக்கிறது, பார்த்து வாருங்கள்!" என்று குரல் கொடுத்தாள்.

"இருட்டெல்லாம் ஒன்றும் இல்லை," என்று முனகியபடி, வண்டு தட்டுத்தடுமாறி வாசலைத் தேடியது.