மூட வேண்டிய படிப்பு

எங்கள் பல்கலைக்கழகத்தில் புதிய ட்ரோன் பட்டப்படிப்பு தொடங்க நான் எழுதிய விண்ணப்பத்தில், 'இதற்காக மூடப்படும் படிப்பு' என்ற பட்டியலில் தெரியாமல் ஒரு டிக் அடித்துத் தொலைத்தேன். அது சக பேராசிரியன் ஹாகன் நடத்தும் நார்வே மொழிப் படிப்பு.

ஒப்புதல் கூட்டத்தில் அதைப் பார்த்ததும் ஹாகன் மேசை தாண்டிப் பாய்ந்தான். முதல் குத்தில் என் மூக்கு உடைந்தது. காபிக் குடுவை என் தோளில் நொறுங்கியது.

"கை தவறிடுச்சுப்பா! திருத்திடறேன்!"

"திருத்துவியா?" அடுத்த குத்தில் என் பல் விண்ணப்பத்தின் மேலேயே விழுந்தது.

வாக்கெடுப்பில் முதலில் உயர்ந்தது ஹாகனின் ரத்தக் கைதான். டிக் திருத்தப்படாமலே ட்ரோன் படிப்புக்கு ஒப்புதல் கிடைத்தது.

ஆம்புலன்ஸில் கூடவே வந்தான்.

"ஏன்டா ஆதரிச்சே?"

"நாலு வருஷமா என் படிப்புல ஒருத்தர்கூட சேரலை, டுவெய்ன். நானே மூட மனசு வரலை."

"அப்ப என்னை ஏன்டா அடிச்சே?"

"எங்கப்பா ஆரம்பிச்ச படிப்புடா. சும்மா விட்டுக்கொடுத்தேன்னு இருக்கக்கூடாதுல்ல?"