கடைசிக் கம்பளி

சோலைமலைக்கு முதல் துரோகம் செய்தவள், தாலி கட்டின பெண்சாதி வீரம்மாதான். மூச்சோடு இருக்கிறவனைப் பிணத்தோடு சேர்த்துவிட்டாள்.

ஐம்பத்தேழாம் வருஷத்து மார்கழியோடு தேயிலைத் தோட்டத்தில் அவன் பேரை வெட்டுகிறார்கள். வயசாகிவிட்டது. பேர் வெட்டினால் வேலையும் இல்லை, வருஷா வருஷம் தோட்டம் கொடுக்கும் கம்பளியும் இல்லை. கடைசியாகக் கிடைத்த கம்பளியைத்தான் வீரம்மா டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

டிக்கோயா மலைக் குளிரில் பல் தந்தியடிக்க, சோலைமலை தொழிலாளர் சங்கத் தலைவர் செல்லசாமியைத் தன் ஒற்றை அறைக் காம்பராவுக்கே கூட்டி வந்தான். வரிசை வீட்டு லயமே வாசலில் கூடியது.

"என்ன மதினி, மனுசன் விறைச்சுப் போறாருல்ல?" என்றார் தலைவர்.

"பழசு இருக்குங்க. லயத்தைச் சுத்திப் பாருங்க, எங்கயும் தாலியறுத்தவளுகதான் குந்தியிருக்காளுக. சாராயத்தைக் குடிச்சுப்புட்டு ஆம்பளைக முந்திப் போயிடுறாங்க. நாளைக்கு எனக்கும் பேரை வெட்டுனா, யாருங்க கம்பளி குடுப்பா?"

வாசலில் நின்ற பெண்கள்கூட, "அடிப்பாவி!" என்றார்கள்.

"கேட்டீங்களா தலைவரே? என் சாவை மடிச்சு வச்சுப் பூட்டியிருக்கா!" சோலைமலை குதித்தான். "பொம்பளதான் முந்திப் போவா. மழையில நனைஞ்சு, புள்ள பெத்துப் பெத்து... எங்காத்தாவும் முந்திப் போனா, இவ ஆத்தாளும் முந்திப் போனா. கெழவனுக ரெண்டு பேரும் கருங்கல்லாட்டம் இருந்தானுக."

"அதுவும் நெசந்தான்," என்றார் தலைவர். "சரி அண்ணே, போன வருசக் கம்பளி எங்க?"

"அது... எலி கடிச்சிருச்சு."

"பெட்டியைத் தொறங்க மதினி. உசுரோட இருக்கவருக்குத்தான் மொதல்ல."

வீரம்மா திறந்தாள். உள்ளே இரண்டு கம்பளிகள்.

"ஒண்ணு இந்த வருசத்துது. மத்ததை அந்த எலியே போன வாரம் கொண்டாந்து போட்டுட்டுப் போச்சு."

"எந்த எலி?"

"மேல் லயத்து அம்மாக்கண்ணு, புருசன் செத்தவ. 'வீரம்மா இருமுறா, ரொம்ப நாள் தாங்க மாட்டா, அப்புறம் நீதான் எனக்குக் கஞ்சி ஊத்தணும்'னு சொல்லி, இவரு அச்சாரமாக் குடுத்தாராம். 'ஒன் இருமலும் நின்னுபோச்சு, இனி என்னால காத்திருக்க முடியாது'ன்னு எங்கிட்டயே குடுத்துட்டா."

லயம் விழுந்து விழுந்து சிரித்தது. தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வீரம்மா பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள்.

"சிரிப்பை விடுங்க தலைவரே," என்று பின்னாலேயே ஓடினான் சோலைமலை. "அப்ப எனக்கு வர வேண்டியது ஒரு கம்பளி இல்ல, ரெண்டு!"