கம்பளிச் சவாரி

முதலில் கெடுதல் செய்தவர் கணக்கப்பிள்ளை ஜெயராசாதான். முப்பத்தொரு வருஷமாகியும் பழனியாண்டி அதை மறக்கவில்லை.

அன்றைக்குப் பழனியாண்டியின் மனைவி வடிவம்மாவுக்கு நிறைமாசம். இடுப்பு வலி எடுத்துவிட்டது. மடுல்சீமைத் தேயிலை மலையில், அவர்கள் குடியிருந்த மேல் லயத்து வரிசை வீடுகளுக்குப் பக்கத்திலேயே கொழுந்து லொறி வெறுமனே நின்றது.

"கொழுந்து லொறியில ஆள் ஏத்த எனக்கு உத்தரவு இல்ல. போ, போ" என்றார் ஜெயராசா.

நாலு பேர் சேர்ந்து அவளைக் கம்பளியில் கட்டி, கம்பில் தொங்கவிட்டு, குறுக்குப் பாதையில் கீழ் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதை ஆளுயர மானாப்புல்லில் மூடிக் கிடந்தது. பழனியாண்டி கவ்வாத்துக் கத்தியால் வெட்ட வெட்டத்தான் அடுத்த அடி வைக்க முடிந்தது. பாதி வழியில், ஓடைக்கல் பக்கத்தில், அவள் முனகல் நின்றுபோனது. வயிற்றில் இருந்ததும் அவளோடு போனது.

இப்போது மேல் லயத்தில் ஒரு வரிசை லொட்ஜ் ஆகிவிட்டது. நடத்துகிறவன் ஜெயராசாவின் மகன் தர்ஷன். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். தலைவிதி என்று நம்ம சனம் கிடந்த புகையடுப்பும் தகரக்கூரையும் குளிரும் அவர்களுக்குச் சாகசம்.

அதையாவது லயத்துச் சனம் பொறுத்துக்கொண்டது. பழனியாண்டி தானே வலியப் போய்த் தர்ஷனுக்கு ஒரு யோசனை சொன்னார் என்று தெரிந்தபோதுதான் எல்லாரும் காறித் துப்பினார்கள்.

"வர்றவங்கள அந்தக் காலத்துல நோயாளியத் தூக்கின மாதிரி கம்பளியில கட்டி ரோட்டு வரைக்கும் இறக்கலாம் தம்பி. நல்லா ரசிப்பாங்க. ஆனா பாதைய வாராவாரம் வெட்டணும். வழுக்குற இடத்துல கல்லுப்படி போடணும். சம்மதமா?"

தர்ஷனுக்குக் கசக்குமா?

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் சவாரி. கம்பு தூக்குவது பழனியாண்டிக்கு அடுத்த காம்பராவில் குடியிருக்கும் நிஷாந்தும் இன்னும் மூன்று பையன்களும். முடிச்சுப் போடுவதும் முன்னால் நடப்பதும் பழனியாண்டி.

"அங்கிள், இன்னும் வேகமா!" என்று கம்பளிக்குள்ளிருந்து கத்துவார் ஒரு கொழும்புக்காரர்.

"சிரிக்காம வாங்க சார். சிரிச்சா கனம் கூடுது" என்பான் நிஷாந்த்.

ஓடைக்கல் வந்ததும் பழனியாண்டி கம்பை இறக்கச் சொல்வார். தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி ஓடைப் பக்கம் திரும்பி நிற்பார். ஆனால் குனியமாட்டார்.

அவர் தங்கச்சி வேலாயிக்கு ஆறவே இல்லை.

"பொண்டாட்டி செத்த பாதையில கூத்து நடத்துறியே அண்ணே! அதுவும் எவன் வீட்டுக்கு? சூடு சொரணை இருக்கா ஒனக்கு?"

"இருக்கு."

"எங்க வச்சிருக்க?"

"பத்திரமா வச்சிருக்கேன். நீ போயி சோத்தப் பாரு."

ஐப்பசி மழையில் ஒரு நாள் கார் ரோட்டின் மேல் வளைவு சரிந்தது. கீழேயிருந்து ஒரு த்ரீவீலர்கூட மேலே வர முடியவில்லை. அன்று மத்தியானம் பார்த்து நிஷாந்தின் மனைவி நிரோஜாவுக்கு வலி எடுத்தது. தலைப்பிள்ளை.

"மாமா!" என்று அழுதுகொண்டே நிஷாந்த் ஓடி வந்தான்.

பழனியாண்டி அதற்குள் கம்பளியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"அழுவாத. கம்பப் புடி. மத்தப் பயலுகளக் கூப்புடு. கீழ வண்டிய நிக்கச் சொல்லிப் போன் போடு."

கொட்டுகிற மழையில் இறங்கினார்கள். வேலாயி குடையை நிரோஜாவின் முகத்துக்கு மேல் பிடித்தபடி பின்னாலேயே ஓடினாள். கத்திக்கு வேலையே இல்லை. கால் வைத்த இடமெல்லாம் படி இருந்தது.

ஓடைக்கல் வந்தது. வழக்கம்போல நிஷாந்த் கம்பை இறக்கப் போனான்.

"இங்க நிக்காத!" பழனியாண்டி போட்ட சத்தத்தில் பையன் நடுங்கிவிட்டான். "நட. நட."

முக்கால் மணி நேரத்தில் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். வண்டி காத்து நின்றது. பொழுது சாய்வதற்குள், தாயும் பிள்ளையும் சுகம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

பழனியாண்டியும் வேலாயியும் நனைந்த கம்பளியோடு திரும்பி மலையேறினார்கள். லொட்ஜ் வாசலில் ஜெயராசா பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். கையில் ஊன்றுகோல்.

"பொம்பளப் புள்ளையாமே?"

முப்பத்தொரு வருஷத்தில் முதல் பேச்சு.

"ம்."

"ஒன்னயக் கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்தேன். ஒம் பொண்டாட்டி போன பாதையப் போயி ஏன் வெளையாட்டாக்கின?"

பழனியாண்டி கம்பளியைப் பிழிந்தார். சேற்றுத் தண்ணீர் வாசலில் ஓடியது.

"நம்ம சனம் நடக்கணும், பாதைய வெட்டிக் குடுங்கன்னு தோட்டத்துக்கு வந்த தொர எல்லார்கிட்டயும் கேட்டுப் பாத்தேன். ஒரு புல்லக்கூட வெட்டல. வெள்ளக்காரன் கால் வழுக்கிரும்னு சொன்னேன். ஒங்க மகன் வாராவாரம் வெட்டுறாரு."

பின்னால் வந்த வேலாயி அப்படியே நின்றாள். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

பேசி முடித்தும் பழனியாண்டி நகரவில்லை. அவருக்கு வரவேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அதற்காக நின்றார்.

ஜெயராசாவின் உதடு அசைந்தது. ஊன்றுகோலைக் கை மாற்றிப் பிடித்தார். பிறகு மலையை அண்ணாந்து பார்த்தார்.

"மழ விட்டிருச்சு போல" என்றார்.